முதலில் கேம்பேட்டைப் பாருங்கள்: வட்டக்கச்சிக்கு வந்த ஒரு வீ யூ

கனடாவில் இருந்து கப்பலில் வந்த பெட்டி ஒன்றுக்குள், உடுப்பு, சொக்லேற், பள்ளிக்கூடப் பைகள் எல்லாவற்றுக்கும் அடியில் நின்டெண்டோ கம்பனியின் வீ யூ என்ற வீடியோ விளையாட்டுக் கருவி ஒன்று இருந்திருக்கிறது. அங்கே பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், ஊர்ப் பிள்ளைகள் விளையாடட்டும் என்று கிளிநொச்சி மாவட்டத்து வட்டக்கச்சியில் உள்ள எங்கள் சனசமூக நிலையத்துக்கு அனுப்பியிருந்தார்கள். செயலாளர் ஐயா அதை அப்படியே தூக்கிக்கொண்டு என் திருத்தகத்துக்கு வந்தார். "தம்பி, இதை ஒருக்காப் பார்த்துச் சொல்லும். எங்கட பிள்ளையளுக்கு வைச்சிருக்கலாமோ, இல்லாட்டி ஆருக்கும் குடுத்துவிடுவமோ?"

அவருக்குச் சொன்ன பதிலையும் அந்தப் பதிலுக்கு எப்படி வந்தேன் என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன். வெளிநாட்டில் இருந்து இப்படிப் பழைய விளையாட்டுக் கருவிகள் வன்னிக்கு வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றில் தொடுதிரையோடு வருவதை எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது என்று தெரிந்தால் நிறைய நேரம் மிச்சம்.

வீ யூ 2012 நவம்பர் 18 அன்று வட அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. 2017 தொடக்கத்தில் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். உலகம் முழுவதும் விற்றது சுமார் 1 கோடியே 35 லட்சம். அதற்கு முந்திய கருவியான வீ 10 கோடியைத் தாண்டியது என்பதால் வீ யூவுக்குத் தோற்ற கருவி என்ற பெயர் விழுந்துவிட்டது. பெயரைக் கேட்டுவிட்டு, பழைய வீக்கு வாங்கிப் பூட்டுகிற துணைப்பாகம் என்று நினைத்தவர்களே அந்த நாடுகளில் நிறையப் பேர். ஆனால் அங்கே எத்தனை விற்றது என்பதை வைத்து இங்கே ஒரு நிலையத்துக்கு முடிவு சொல்ல முடியாது. எங்களுக்குத் தெரிய வேண்டியது வேறு. இது எங்கள் கரண்டில் ஓடுமா, இணையம் இல்லாமல் ஓடுமா, ஒரே நேரத்தில் எத்தனை பிள்ளைகள் விளையாடலாம், உடைந்தால் என்ன செய்வது.

வந்த பொதிக்குள் இருந்தவை: ரிவியோடு இணைக்கும் கறுப்பு நிற 32 ஜிபி பெட்டி, நடுவில் தொடுதிரை வைத்த, கையில் பிடித்து விளையாடும் கேம்பேட், இரண்டு வீ ரிமோட், ரிவிக்கு மேல் வைக்கும் சென்சர் பட்டை, இரண்டு அடப்டர், நான்கு டிஸ்க்.

நான் முதலில் கையில் எடுத்தது கேம்பேட்டைத்தான். பெட்டி பெரிதாகவும் பாரமாகவும் இருப்பதால் பலர் அதைத்தான் முதலில் திறந்து பார்ப்பார்கள். வீ யூவில் முறை மாறி வரும். கேம்பேட் இல்லாமல் இந்தக் கருவியை முதன்முதல் அமைக்கவே முடியாது, அமைப்புப் பக்கத்துக்குள்ளும் போக முடியாது. கேம்பேட் செத்தால் பெட்டி நல்லாக இருந்தும் பிரயோசனம் இல்லை. இன்னொரு கேம்பேட் வாங்கலாம் என்றால், ஜப்பானைத் தவிர மற்ற நாடுகளில் அதைத் தனியாகக் கடையில் விற்கவே இல்லை. பழையது ஒன்று தேடிப் பிடித்தாலும், ஐரோப்பிய கேம்பேட் வட அமெரிக்கப் பெட்டியோடு சேராது. ஆகவே யாராவது ஒரு வீ யூவைக் கொண்டுவந்து நீட்டினால், "கேம்பேட் எங்கே?" என்பதுதான் முதல் கேள்வி. அது இல்லை என்றால் மேற்கொண்டு பார்க்க வேண்டாம்.

அதற்குப் பிறகு கரண்ட். இரண்டு அடப்டரையும் திருப்பி, பின்னால் அச்சிட்டிருப்பதை வாசித்தேன். எதிர்பார்த்தபடியே உள்ளீடு 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். போன் சார்ஜர் எந்த நாட்டில் இருந்து வந்தாலும் 100 முதல் 240 வரை தாங்கும் என்பதால், பிளக்கை மட்டும் மாற்றிக் குத்திவிடுகிற பழக்கம் எங்கள் சனத்துக்கு வந்துவிட்டது. வீ யூ அடப்டர் அந்த வகை இல்லை. ஒவ்வொரு பிராந்தியத்துக்கும் தனித் தனியாகச் செய்தது. கனடா, அமெரிக்காவில் இருந்து வந்ததை எங்கள் 230 வோல்ட்டில் குத்தினால் அந்த இடத்திலேயே போய்விடும். ஐரோப்பாவில் இருந்து வந்தது என்றால் 230 வோல்ட்தான், பிளக் மட்டும் மாற்றினால் போதும். வெளிநாட்டில் இருப்பவர்கள் அனுப்பும்போது இந்த ஒரு விசயத்தைப் பெட்டியில் பெரிதாக எழுதி ஒட்டிவிட்டால் எவ்வளவு நல்லது.

பெட்டியின் அடப்டர் வெளியே கொடுப்பது 15 வோல்ட், 5 அம்பியர். அதாவது உச்சமாக 75 வாட். கேம்பேட் சார்ஜர் கொடுப்பது 4.75 வோல்ட், 1.6 அம்பியர். இரண்டையும் சேர்த்துத் தாங்க வோல்ட்டை இறக்கிக் கொடுக்கிற ஒரு 300 வாட் ஸ்ரெப் டவுன் ரான்ஸ்போமர் கிளிநொச்சிக் கடையில் எடுத்தேன். அளவு கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் இப்படியான ரான்ஸ்போமரில் எழுதியிருக்கும் வாட்டை நான் முழுதாக நம்புவதில்லை. சுமை இல்லாமல் மல்ரிமீற்றர் வைத்துப் பார்த்தபோது 112 வோல்ட் காட்டியது. பெட்டி ஓடும்போது சற்று இறங்கியது, பிரச்சினை இல்லை. பின்னேரத்தில் வயல் பக்கத்து மோட்டர்கள் ஓடும் நேரம்தான் கவனிக்க வேண்டும். லைனில் வோல்ட் இறங்கினால் ரான்ஸ்போமரின் வெளியீடும் அதே விகிதத்தில் இறங்கும். நிலையத்தில் ஏற்கெனவே ஒரு ஸ்ரெபிலைசர் இருந்ததால் அதற்குப் பின்னால் ரான்ஸ்போமரைப் போட்டேன்.

வாட் கணக்கை இங்கே ஆட்கள் கவனமாகக் கேட்பார்கள். போர்க்காலத்துப் பொருளாதாரத் தடை இருந்தபோது வன்னிக்குள் பற்றரி வராது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துச் சில்லைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்ட தலைமுறை இது. செயலாளர் ஐயாவும் முதலில் கேட்டது "எத்தினை வாட் தின்னும்?" என்றுதான். விளையாடும்போது வீ யூ எடுப்பது 35 வாட் அளவுதான். அதே காலத்தில் வந்த மற்றப் பெரிய கருவிகள் 100 வாட்டைத் தாண்டும். கரண்ட் நின்றாலும் நிலையத்தின் சோலார் இன்வேட்டரில் ஒரு எல்இடி ரிவியையும் இதையும் சேர்த்து ஓட்டலாம். எனக்கு இந்தக் கருவியில் முதலில் பிடித்துப்போனது இதுதான்.

அடுத்தது கேம்பேட்டின் பற்றரி. பின்பக்கத்துச் சின்ன மூடியின் திருகாணிகளைக் கழற்றினால் போதும், முழுக் கேம்பேட்டையும் திறக்கத் தேவையில்லை. உள்ளே 1500 மில்லியம்பியர் மணி லித்தியம் பற்றரி. பல வருடம் அலுமாரிக்குள் கிடந்த லித்தியம் பற்றரியைச் சார்ஜில் போடுவதற்கு முன் கட்டாயம் வெளியே எடுத்துப் பார்க்க வேண்டும். தட்டையான மேசையில் வைத்து விரலால் ஒரு மூலையை அழுத்தினேன். உப்பியிருந்தால் மற்ற மூலை எழும்பி ஆடும். ஆடவில்லை. வோல்ட் 3.1 இருந்தது. அது தாழ்வு, ஆனால் உயிர் இருக்கிறது. இரண்டரைக்குக் கீழே இறங்கியிருந்தால் சார்ஜ் போடாமல் புதிதாக ஒன்று தேடச் சொல்லியிருப்பேன். சார்ஜரைக் குத்தியதும் செம்மஞ்சள் விளக்கு எரிந்தது. முதல் சார்ஜ் முழுக்கப் பக்கத்தில் இருந்து, இடைக்கிடை கையை வைத்துச் சூட்டைப் பார்த்துக்கொண்டேன்.

புதிய பற்றரியில் 3 முதல் 5 மணித்தியாலம் ஓடும் என்று நின்டெண்டோ சொல்லியிருந்தது. இது இரண்டரை மணித்தியாலத்துக்குக் கிட்ட நிற்கிறது. வயதுக்கு இது நியாயம். பிறகு 2550 மில்லியம்பியர் மணிப் பற்றரி ஒன்றையும் நின்டெண்டோ வெளியிட்டது. அது அதே இடத்தில் பொருந்தும். உள்ளே இடம் விட்டுத்தான் செய்திருக்கிறார்கள். கிடைத்தால் மாற்றலாம், கட்டாயம் இல்லை. சார்ஜில் குத்தியபடியே விளையாடலாம்.

அடுத்து பெட்டியையும் கேம்பேட்டையும் சேர்க்கிற வேலை. ஒன்றாக வந்தவை என்பதால் தானாகவே சேரும் என்று எதிர்பார்த்தேன், சேரவில்லை. கனடாவில் அனுப்புவதற்கு முன் எல்லாவற்றையும் அழித்துவிட்டிருக்கிறார்கள். பெட்டியில் உள்ள சிவப்பு சிங்க் பொத்தானை அழுத்தினால் ரிவியில் நான்கு சீட்டுச் சின்னங்கள் வரும்: இஸ்பேட், ஆட்டின், டைமன், கிளாவர் ஏதோ ஓர் ஒழுங்கில். கேம்பேட்டின் பின்னால் உள்ள சிங்க் பொத்தானை அழுத்தினால் அதன் திரையிலும் அந்தச் சின்னங்கள் தோன்றும். ரிவியில் கண்ட அதே ஒழுங்கில் விரலால் தொட வேண்டும். எண்களுக்குப் பதிலாகச் சீட்டைப் போட்டது நல்ல யோசனை. ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத, ஆனால் முந்நூற்றிநாலு விளையாடத் தெரிந்த எந்த மனிசரும் இதைச் செய்துவிடலாம். என்னோடு கடையில் நின்ற பெடியன்தான் தொட்டான். உடனே கேம்பேட்டில் படம் வந்தது.

பார்க்கிறவர்கள் பெரும்பாலும் பிழையாக விளங்கிக்கொள்கிற இடம் இதுதான். கேம்பேட்டைப் பார்த்தால் டப்லெட் மாதிரி இருக்கும், 6.2 அங்குலத் திரை. ஆனால் விளையாட்டு அதற்குள் ஓடுவதில்லை. எல்லாம் ஓடுவது பெட்டிக்குள். பெட்டி அந்தப் படத்தைச் சுருக்கி, 5 கிகாஹேர்ட்ஸ் வயர்லெஸ்ஸில் வீடியோவாக அனுப்புகிறது. நாங்கள் தொட்டதும் அழுத்தியதும் திரும்பிப் போகின்றன. தாமதம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் குறைவு. 2012இல் அதைச் செய்தது பெரிய வேலை என்றே நினைக்கிறேன். தூரம்தான் கட்டுப்பாடு. எட்டு மீற்றர் என்பது சொல்லப்பட்ட கணக்கு. நிலையத்தின் மண்டபத்துக்குள் எந்த மூலையிலும் குறையில்லை. விறாந்தைக்கு வந்து சுவருக்குப் பின்னால் நின்றால் படம் உறையத் தொடங்கும். 5 கிகாஹேர்ட்ஸுக்குச் சீமெந்துச் சுவர் ஆகாது. வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படுத்துக்கொண்டு விளையாடலாம் என்று நினைத்த பெடியளுக்கு இதை முதலிலேயே விளங்கப்படுத்த வேண்டியிருந்தது.

இனித் தொடுதிரை. எனக்கு இதில் நிறையச் சொல்ல இருக்கிறது.

இப்போதைய போன் திரைகள் விரலில் உள்ள மின்னேற்றத்தை உணர்பவை. கேம்பேட்டின் திரை அழுத்தத்தை உணர்வது. மேலே வளையக்கூடிய மெல்லிய பிளாஸ்டிக் தாள், கீழே விறைப்பான தட்டு. இரண்டின் உட்பக்கத்திலும் ஒளி ஊடுருவும், மின் கடத்தும் பூச்சு. நடுவில் மயிரிழை இடைவெளி. அழுத்தும் இடத்தில் இரண்டு பூச்சும் முட்டும். ஒரு பக்கத்தில் இருந்து மறுபக்கத்துக்கு வோல்ட்டைக் கொடுத்து, முட்டிய இடத்தில் எவ்வளவு வோல்ட் என்று அளந்தால் குறுக்கே எவ்வளவு தூரம் என்று தெரிந்துவிடும். பிறகு மேலிருந்து கீழும் அதேபோல் அளக்கும். ஒரு நேரத்தில் ஒரு புள்ளியைத்தான் இது அறியும். இரண்டு விரலால் விரிக்கிற வேலை நடக்காது. போனில் பழகிய பிள்ளைகள் முதலில் அதைத்தான் செய்து பார்த்தார்கள்.

பழசு என்று இந்த வகைத் திரையைத் தள்ளிவிடுவார்கள். வன்னியில் வைத்துப் பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே பத்துப் பிள்ளைகள் இருந்தால் கை எல்லாம் வியர்வை. நல்ல போன் திரைகளே அப்போது தாறுமாறாகத் தொடும். அழுத்தத் திரைக்கு வியர்வையும் ஒன்றுதான், காய்ந்த கையும் ஒன்றுதான். நகத்தால் தொடலாம், கூடவே வருகிற பிளாஸ்டிக் ஸ்டைலஸால் தொடலாம். ஸ்டைலஸின் முனை மெலிதாக இருப்பதால் ஒரு கட்டத்துக்குள் ஒரு கட்டம் சரியாகப் பிடிக்கலாம். குறைகள் வேறு: மேல் தாள் பிளாஸ்டிக் என்பதால் கீறல் விழும், படத்தின் கூர்மை 854க்கு 480தான், வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் மங்கும்.

சோதிக்கும்போது இரண்டு கட்டமாகப் பார்த்தேன். முதலில் அமைப்புப் பக்கத்தில் தொடுதிரைச் சீரமைப்பை ஓட்டினேன். அது காட்டுகிற குறிகளை ஸ்டைலஸால் தொட்டு முடித்தால் திரை நேராகிவிடும். பிறகு சூப்பர் மாரியோ மேக்கர் டிஸ்கைப் போட்டேன். அதில் விளையாட்டுத் தளத்தை நாங்களே கட்டலாம், திரை முழுவதும் சின்னச் சின்னக் கட்டங்கள். ஒரு செங்கல்லைத் தெரிவு செய்து, இடது ஓரத்தில் இருந்து வலது ஓரம் வரை மெதுவாக ஒரே இழுவையாக இழுத்தால் வரிசையாகச் செங்கல் விழுந்துகொண்டே வரும். வரிசையில் ஓட்டை விழுகிற இடத்தில் தாள் பழுது. மேலே ஒரு வரி, நடுவில் ஒரு வரி, கீழே ஒரு வரி, பிறகு மூலைக்கு மூலை. தொடுதிரையைச் சோதிக்க இதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியாது.

நடு வரி சுத்தமாக வந்தது. வலது ஓரத்துக்குக் கிட்டப் போனபோதுதான் குழப்பம். ஸ்டைலஸ் வேறு இடத்தில் இருக்க, கீழ் வலது மூலையில் ஒரு செங்கல் தானாக முளைத்தது. யாரும் தொடாமலே அந்த மூலை தொடுவதாகச் சொல்லிக்கொண்டிருந்தது. இப்படி இருந்தால் திரை போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுவார்கள். அழுத்தத் திரையில் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஓரச் சட்டத்தை. திரைக்கும் அதைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் சட்டத்துக்கும் இடையில் ஒரு மணல் குருணி புகுந்தாலே அது தாளை நிரந்தரமாக அழுத்திப் பிடித்துக்கொள்ளும்.

விளக்கைக் கிட்டப் பிடித்து, பூதக்கண்ணாடியால் அந்த ஓரத்தைப் பார்த்தேன். கறுப்புச் சட்டத்தின் அடியில் மங்கலாக ஒரு கோடு, உலர்ந்த பானம் ஏதோ ஊறிக் காய்ந்தது, அதில் தூசி ஒட்டியிருந்தது. விசிட்டிங் கார்ட் கனத்தில் ஒரு காகிதத்தைச் சாய்வாக வெட்டி, நுனியில் ஐசோபுரோப்பைல் அல்கஹோல் தொட்டு, சட்டத்துக்கு அடியில் மெல்ல நுழைத்து ஒரே திசையில் இழுத்தேன். முன்னும் பின்னும் தேய்த்தால் குருணி உள்ளேதான் போகும். முதல் காகிதம் மண்ணிறமாக வந்தது. நுனியை வெட்டிவிட்டு மறுபடியும், மறுபடியும். காகிதம் வெள்ளையாக வெளியே வந்த பிறகு காய விட்டு, சீரமைப்பை மீண்டும் ஓட்டி, செங்கல் வரியை இழுத்தேன். கடைசிக் கட்டம் வரை ஓட்டை இல்லாமல் வந்து நின்றது. மூலையில் எதுவும் முளைக்கவில்லை. இதற்குக் கேம்பேட்டைத் திறக்கவே இல்லை. ஓரத்தைச் சுத்தம் பண்ணாமல் திரையை மாற்றப் போகாதீர்கள்.

பொத்தான்கள், அனலொக் குச்சிகள் எல்லாம் சரி. இடது குச்சி மட்டும் நடுவுக்குத் திரும்பும்போது சற்றுச் சோம்பல். அமைப்பில் அதற்கும் சீரமைப்பு இருக்கிறது, செய்ததும் சரியாகிவிட்டது. கேம்பேட்டை ரிவி ரிமோட்டாகவும் பயன்படுத்தலாம். நிலையத்து ரிவியின் கம்பனியைத் தெரிவு செய்ததும் சத்தம் கூட்டிக் குறைக்க முடிந்தது. அந்த ரிவியின் சொந்த ரிமோட் எப்போதோ தொலைந்துபோனது என்பதால் இது பெரிய உதவி.

பெட்டியில் சொல்ல அதிகம் இல்லை. மூடியின் திருகாணிகள் மூன்று இதழ்த் தலை வைத்தவை. போன் திருத்துகிறவர்களிடம் உள்ள வை பிட் இதற்குச் சிறிது, ஒரு அளவு பெரியது வேண்டும். உள்ளே கனடாத் தூசி கொஞ்சம், தூரிகையால் தட்டி ஊதிவிட்டேன். இங்கே சோளகம் அடிக்கிற மாதங்களில் செம்புழுதி இதைவிடப் பல மடங்கு ஏறும், எறும்பும் குடிபுகும். ஆகவே வருடத்தில் ஒரு தரமாவது காற்றாடிப் பக்கம் ஊத வேண்டும். டிஸ்க் உள்ளே இழுக்கும் சத்தம் சீராக இருந்தது. நீண்ட காலம் ஓட்டாமல் வைத்த சில வீ யூக்களில் உள் நினைவகம் பழுதாகி, 160-0103 என்ற எண்ணோடு பிழைச் செய்தி வருவதுண்டு. அது வந்தால் சாதாரணத் திருத்தகத்தில் செய்யக்கூடியது மிகக் குறைவு. பழையது வாங்குபவர்கள் ஓட விட்டுப் பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம். எங்கள் பெட்டியில் அது வரவில்லை.

இணையம் இல்லாமலே முதல் அமைப்பை முடித்தேன். நின்டெண்டோ இதன் இணையக் கடையை 2023 மார்ச் 27 அன்று மூடிவிட்டது, 2024 ஏப்ரலில் இணைய விளையாட்டும் நின்றுவிட்டது. டிஸ்க் இருந்தால்தான் விளையாட்டு. அதுவும் வட அமெரிக்க டிஸ்க் மட்டும். ஐரோப்பிய டிஸ்க்கை இந்தப் பெட்டி ஏற்காது. இதைக் குறையாகச் சொல்வார்கள். எங்கள் நிலையத்துக்கு இது வசதி. டேட்டா போட வேண்டாம், கணக்குத் திறக்க வேண்டாம், காசு கேட்கிற எதுவும் திரையில் வராது. டிஸ்கைப் போட்டால் விளையாட்டு, எடுத்தால் முடிந்தது.

அப்புறம்தான் பிள்ளைகளை விட்டேன். கருவி வேலை செய்கிறது என்பது பாதித் தீர்ப்பு. கையில் ஒரு திரை கூடுதலாக இருப்பதால் விளையாட்டுக்கு என்ன கிடைக்கிறது என்பதைப் பிள்ளைகளை வைத்துத்தான் பார்க்க முடியும்.

நின்டெண்டோ லாண்ட் என்ற டிஸ்கில் மாரியோ சேஸ் என்று ஒரு விளையாட்டு இருக்கிறது. கேம்பேட்டை வைத்திருப்பவர் ஓடுவார், வீ ரிமோட் வைத்திருப்பவர்கள் துரத்துவார்கள். ஓடுபவருக்குக் கையில் உள்ள திரையில் முழு வரைபடமும் தெரியும், யார் எங்கே என்று தெரியும். துரத்துபவர்களுக்கு ரிவியில் தங்களுக்கு முன்னால் உள்ளது மட்டும். அதனால் அவர்கள் கத்தியே ஆக வேண்டும். தளத்தின் ஒவ்வொரு பகுதியும் ஒவ்வொரு நிறம். "மஞ்சளுக்குள்ள நிக்கிறான்! நீ நீலத்தால வா!" ஐந்தாம் வகுப்புப் படிக்கிற பிள்ளையும் பதினைந்து வயதுப் பெடியனும் ஒரே அணியில் நின்று திட்டம் போட்டார்கள். ரிமோட் இல்லாமல் நின்றவர்களும் துரத்துபவர்களுக்காகக் கத்தினார்கள். ஒளித்துப் பிடித்து விளையாட்டில் மதிலுக்கு மேலே ஏறி நின்று காட்டிக்கொடுக்கிறவன் செய்கிற அதே வேலை. ஒரே திரையில் நான்காகப் பிரித்து விளையாடினால் இது கிடைக்காது. எல்லோருக்கும் எல்லாமும் தெரிந்துவிடும். ஒருவருக்குத் தெரிவது மற்றவருக்குத் தெரியாது என்பதைக் கொண்டே விளையாட்டைக் கட்டியிருக்கிறார்கள். இரண்டாவது திரை எதற்கு என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு விளையாட்டைக் காட்டலாம்.

நியூ சூப்பர் மாரியோ பிரதர்ஸ் யூவில் வேறு விதம். மற்றவர்கள் ரிமோட்டோடு ஓடிக் குதிக்க, கேம்பேட் வைத்திருப்பவர் திரையைத் தொட்டு அவர்களுக்குக் கால் வைக்கக் கட்டை வைத்துக் கொடுக்கலாம். பொத்தான் எதுவும் பழகத் தேவையில்லை. பேரனைக் கூட்டிப்போக வந்த ஒரு அம்மம்மாவிடம் கேம்பேட்டைக் கொடுத்தோம். பேரன் பள்ளத்தில் விழப் போன நேரம் பார்த்து விரலை வைத்தார். கட்டை ஒன்று தோன்றி அவனைத் தாங்கியது. "பார்த்துப் போடா" என்று அவர் சொன்னது ரிவியில் ஓடிய உருவத்துக்கு. அவர்கள் இரண்டு பேரும் வீட்டுக்குப் போக நேரமாகிவிட்டது.

மாரியோ கார்ட் 8இல் கையில் உள்ள திரைக்குப் பெரிய வேலை இல்லை. வரைபடம் காட்டும், தொட்டால் ஹோர்ன் அடிக்கும், அவ்வளவுதான். விளையாட்டு அருமை, ஆனால் அதற்குக் கேம்பேட் தேவையில்லை. வீ யூவுக்கு வந்த பல விளையாட்டுகளின் நிலைமை இதுதான். இந்தக் கருவியைச் செய்தவர்களுக்கே கையில் உள்ள திரைக்கு என்ன வேலை கொடுப்பது என்று எல்லா நேரமும் விடை கிடைக்கவில்லை என்று நினைக்கிறேன். கிடைத்த இடங்களில் வேறு எந்தக் கருவியிலும் இல்லாத ஒன்றைச் செய்திருக்கிறார்கள்.

மாரியோ மேக்கர்தான் நிலையத்தில் நீடிக்கும். ஓ.எல். படிக்கிற பிள்ளை ஒருத்தி, அதிகம் கதைக்காதவள், ஸ்டைலஸோடு ஒரு மூலையில் இருந்து தளம் ஒன்றைக் கட்டினாள். கட்டி முடித்து மற்றவர்களிடம் கொடுத்துவிட்டு, அவர்கள் எங்கே விழுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லோரும் ஒரே இடத்தில் விழுந்ததும் கேம்பேட்டை வாங்கி, அந்தப் பள்ளத்தை ஒரு கட்டம் குறைத்துக் கொடுத்தாள். பெட்டியில் சேமித்து வைத்த தளங்கள் இணையம் இல்லாமலும் அப்படியே இருக்கும். பத்து வருடத்துக்கு முந்திய விளையாட்டு என்றாலும் பிள்ளைகள் புதிதாகக் கட்டிக்கொண்டே இருப்பதால் முடியாது.

நேர்மையாகக் குறைகளையும் சொல்ல வேண்டும். ஒரு பெட்டிக்கு ஒரு கேம்பேட்தான், ஆகவே அதற்குச் சண்டை வரும். அரைக் கிலோ பாரம், சின்னப் பிள்ளைகளின் கை உளைகிறது. சில விளையாட்டில் ரிவியையும் கையையும் மாறி மாறிப் பார்த்துக் கண் களைக்கும். கீழே விழுந்து திரை உடைந்தால் கதை முடிந்தது. காசு கொடுத்து ஒரு கருவி வாங்க நினைக்கிற நிலையத்துக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். 2017 மார்ச் 3 அன்று வந்த ஸ்விட்ச், கையில் உள்ள திரைக்குள்ளேயே முழுக் கருவியையும் வைத்துவிட்டது, அது எங்கும் போகும். ஆனால் கேம்பேட் நல்ல நிலையில், டிஸ்க்குகளோடு, இனாமாக வந்த வீ யூவைக் கொடுத்துவிடச் சொல்லவும் மாட்டேன். "வைச்சிருங்கோ ஐயா" என்றுதான் சொன்னேன்.

சில ஒழுங்குகளோடு வைத்திருக்கிறார்கள். ரான்ஸ்போமரையும் இரண்டு அடப்டரையும் ஒரு பலகையில் திருகாணி போட்டுப் பூட்டி, ஒரே பிளக்காக்கிக் கொடுத்தேன், அடப்டரைத் தனியாகக் கழற்றிச் சுவரில் குத்த வழியில்லை. கேம்பேட் திரைக்குப் பாதுகாப்புத் தாள் ஒட்டியாயிற்று. ஸ்டைலஸை நைலோன் நூலால் கட்டியிருக்கிறது. விளையாடும்போது நிலத்தில் பாயில் இருந்துதான் கேம்பேட் பிடிக்க வேண்டும், கதிரையில் இருந்து இல்லை. விழுந்தால் ஒரு சாண் உயரம்தான் விழும். விளையாடி முடிந்ததும் மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிக்குள், மாரி காலத்தில் சிலிக்கா ஜெல் பையோடு. விளையாடாத மாதத்திலும் ஒரு முறையாவது சார்ஜ் போட வேண்டும்.

கனடாவுக்கும் எழுதிக் கொடுத்தோம். வீ ரிமோட் இன்னும் இரண்டு தேவை, அவற்றுக்குப் பிராந்தியப் பிரச்சினை இல்லை. டிஸ்க் அனுப்புவதானால் அங்கே வாங்கியதையே அனுப்புங்கள், லண்டனில் இருக்கிற சொந்தக்காரர் வாங்கியது வேண்டாம். ஸ்பிளட்டூன் என்ற விளையாட்டு வேண்டாம், அது பெரும்பாலும் இணையத்தில் விளையாடுவது. ரேமன் லெஜண்ட்ஸ் பழைய டிஸ்க் எங்காவது கிடைத்தால் அதை முதலில் அனுப்புங்கள். அதில் ஒருவர் ஓட, இன்னொருவர் கேம்பேட் திரையைத் தொட்டுக் கயிற்றை அறுத்தும் தடையை நகர்த்தியும் வழி விடுகிறார்.